பெய்ரூட் 1983: அமைதிப் படை முகாம்கள் மீதான லாரிக் குண்டுத் தாக்குதல்கள்

1983 அக்டோபர் 23 ஞாயிற்றுக்கிழமை காலை 6.22 மணிக்கு, லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் பன்னாட்டு விமான நிலைய வளாகத்தில் அமெரிக்க மரைன் படையினர் தங்கியிருந்த நான்கு தளக் கட்டடத்துக்குள் வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று புகுந்து வெடித்தது. 241 அமெரிக்கப் படையினர் இறந்தனர். சில நிமிடங்களில் நகரின் வேறொரு பகுதியில் பிரெஞ்சு வான்குடை வீரர்கள் தங்கியிருந்த ஒன்பது தளக் கட்டடமும் தகர்ந்தது. அங்கே 58 பேர் இறந்தனர். இறந்தவர்கள் அனைவரும் ‘பன்னாட்டுப் படை’ என்ற பெயரில் அமைதி காக்க அனுப்பப்பட்டவர்கள். அமைதிப் படை ஒன்றின் மீது நடந்த வாகனத் தற்கொலைத் தாக்குதல்களில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுவே.

இந்தத் தாக்குதலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வெடிமருந்தின் அளவையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த லாரியால் எப்படி உள்ளே வர முடிந்தது என்று பார்த்தால் கதை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அமைதிப் படையின் திறந்த வாயிலும் தோட்டா இல்லாத துப்பாக்கியும் கவனக்குறைவால் மட்டும் வந்தவை அல்ல. ‘நாங்கள் யாருக்கும் எதிரி அல்ல’ என்ற நிலையின் வெளி அடையாளங்கள் அவை. அந்த நிலை மாறிய பிறகும் அடையாளங்கள் அப்படியே இருந்தன.

பின்னணி

பிரான்சின் ஆட்சியிலிருந்து 1943-ல் விடுதலை பெற்ற லெபனானில் மரோனைட் கிறித்தவர், சன்னி முஸ்லிம், ஷியா முஸ்லிம், துரூஸ் ஆகிய சமூகங்கள் எழுதப்படாத ஓர் உடன்பாட்டின்படி அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டன. குடியரசுத் தலைவர் மரோனைட், பிரதமர் சன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் கிறித்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டன. மக்கள்தொகை மாறிய பின்னும் விகிதம் மாறவில்லை. எண்ணிக்கையில் வளர்ந்த ஷியாக்கள் அதிகாரத்தில் பின்தங்கியே இருந்தனர். பாலஸ்தீன அகதிகளின் வருகையும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் ஆயுதப் பிரிவுகளும் இந்தச் சமநிலையை மேலும் குலைத்தன. 1975-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு சிரியப் படை நாட்டுக்குள் வந்தது.

1982 சூன் 6 அன்று இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது. சில நாட்களிலேயே அதன் டாங்கிகள் பெய்ரூட்டின் வாசலுக்கு வந்தன. மேற்கு பெய்ரூட் கோடை முழுதும் முற்றுகையில் இருந்தது. யாசர் அரபாத்தின் போராளிகள் நகரைவிட்டு வெளியேறுவது என்ற உடன்பாடு ஏற்பட்டபோது, அந்த வெளியேற்றத்தை மேற்பார்க்க அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளின் படைகள் ஆகஸ்டு இறுதியில் வந்து இறங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலும் சாலை வழியாகவும் வெளியேறினர். வேலை முடிந்தது என்று பன்னாட்டுப் படை செப்டம்பர் முதல் பாதியிலேயே திரும்பிப் போனது.

அந்தப் பின்வாங்கல் சற்று அவசரமானது. செப்டம்பர் 14 அன்று, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 16 முதல் 18 வரை, இஸ்ரேலியப் படை சுற்றி நிற்க, கிறித்தவப் போராளிக் குழுவினர் சப்ரா, ஷதிலா அகதி முகாம்களில் புகுந்து நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்களையும் லெபனானியர்களையும் கொன்றனர். இறந்தோர் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் சில நூறு முதல் மூவாயிரத்துக்கு மேல் வரை வேறுபடுகின்றன. ஆண்கள் வெளியேறிய பின் அவர்களது குடும்பங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உறுதி அளிக்கப்பட்டிருந்தது. அந்த உறுதி பொய்த்த வெட்கமே பன்னாட்டுப் படையைத் திரும்ப வரவழைத்தது. செப்டம்பர் இறுதியில் மூன்று நாடுகளும் மீண்டும் வந்தன. 1983 பிப்ரவரியில் பிரிட்டன் ஏறத்தாழ நூறு பேர் கொண்ட சிறு பிரிவை அனுப்பியது.

‘இருத்தல்’ என்னும் பணி

இது ஐக்கிய நாடுகள் அவையின் படை அன்று. ஐ.நா.வின் படை 1978 முதலே தெற்கு லெபனானில் தனியாக இருந்தது. பெய்ரூட்டுக்கு வந்த நாடுகள் ஒவ்வொன்றும் லெபனான் அரசுடன் தனித்தனியே கடிதம் பரிமாறிக்கொண்டு வந்தவை. பொதுவான தளபதி இல்லை. நகரின் வெவ்வேறு பகுதிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு விமான நிலையமும் அதை ஒட்டிய பகுதியும் கிடைத்தன.

மரைன்களுக்குத் தரப்பட்ட பணியை ஒரே சொல்லில் சொல்லலாம்: இருப்பது. போரிடுவது அல்ல, பிடிப்பது அல்ல, காப்பதுகூட அல்ல. அவர்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் லெபனான் அரசுக்குத் தெம்பு வரும், அதன் ராணுவம் தலைநகரைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் என்பது கணக்கு. மரைன்கள் சண்டையில் ஈடுபட மாட்டார்கள், அவர்களது பாதுகாப்பை லெபனான் ராணுவம் பார்த்துக்கொள்ளும், நிலைமை மோசமானால் படை திரும்பிப் போகும் என்ற அனுமானங்களின் மேல் இந்தக் கணக்கு நின்றது.

முதல் சில மாதங்களில் கணக்கு சரியாகவே தோன்றியது. தெருக்களில் மரைன் ரோந்துகளுக்குச் சிறுவர்கள் கையசைத்தார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்க எல்லைக்குள் வர முயன்ற இஸ்ரேலிய டாங்கிகளை ஒரு மரைன் கேப்டன் கைத்துப்பாக்கியை உருவிக்கொண்டு வழிமறித்தார். பெய்ரூட் முஸ்லிம்களிடையே அந்தச் செய்தி அமெரிக்கர்களுக்கு நல்ல பெயரை வாங்கித் தந்தது. எட்டே மாதங்களில் அந்த நல்ல பெயர் கரைந்துபோனது.

முதல் எச்சரிக்கை அமெரிக்கத் தூதரகத்தில் வந்தது. 1983 ஏப்ரல் 18 அன்று வெடிமருந்து ஏற்றிய வேன் ஒன்று கடற்கரைச் சாலையில் இருந்த தூதரகக் கட்டடத்தின் முகப்பில் மோதி வெடித்தது. 63 பேர் இறந்தனர்; அவர்களில் 17 பேர் அமெரிக்கர்கள். ஓட்டுநர் வண்டியோடு சேர்ந்து சாகும் இந்த முறை பெய்ரூட்டுக்குப் புதியதன்று. 1981 டிசம்பரில் அங்கிருந்த ஈராக் தூதரகம் இதே முறையில் தகர்க்கப்பட்டிருந்தது.

நடுநிலை நழுவிய செப்டம்பர்

1983 மே 17 அன்று அமெரிக்காவின் ஏற்பாட்டில் லெபனான் அரசும் இஸ்ரேலும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சிரியா அதை ஏற்கவில்லை. லெபனானுக்குள்ளும் துரூஸ், ஷியா அமைப்புகள் அதைச் சரணாகதியாகவே பார்த்தன. குடியரசுத் தலைவர் அமீன் ஜெமாயலின் அரசு எல்லாருக்குமான அரசு அன்று, ஒரு தரப்பின் அரசு என்ற எண்ணம் வலுத்தது. அந்த அரசின் ராணுவத்துக்குத்தான் மரைன்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனுடன் சேர்ந்துதான் ரோந்து போனார்கள்.

ஆகஸ்டு இறுதியில் விமான நிலையத்தின் மீது குண்டுகள் விழத் தொடங்கின. 29 அன்று இரு மரைன்கள் இறந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் இஸ்ரேல் தன் படையைப் பெய்ரூட்டுக்கு மேலேயுள்ள ஷூஃப் மலைகளிலிருந்து தெற்கே அவாலி ஆற்றுக்குப் பின்வாங்கிக்கொண்டது. காலியான மலைகளுக்காக வலீத் ஜும்பலாத்தின் துரூஸ் படையினரும் கிறித்தவப் போராளிகளும் மோதினர். லெபனான் ராணுவம் அந்தச் சண்டையில் இறங்கியது. மலை மேல் பீரங்கிகள், தாழ்வான கடலோரச் சமதளத்தில் மரைன்கள் என்ற அமைப்பை ஒரு முறை வரைபடத்தில் பார்த்தாலே போதும், ராணுவக் கல்வி எதுவும் இல்லாதவருக்கும் ஆபத்து புரிந்துவிடும். விமான நிலையம் போர் நோக்கில் தேர்ந்தெடுத்த இடம் அன்று. நாட்டின் வாசல் திறந்திருக்கிறது என்று காட்டவே அவர்கள் அங்கே இருந்தார்கள்.

மலையில் சூக் அல்-கர்ப் என்ற ஊர் லெபனான் ராணுவத்தின் கையிலிருந்து நழுவும் நிலை வந்தபோது, அதிபரின் சிறப்புத் தூதர் ராபர்ட் மெக்பார்லேன் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பீரங்கி உதவி வேண்டும் என்றார். களத்தில் இருந்த மரைன் தளபதி கர்னல் திமதி ஜெராட்டி பல நாட்கள் அதை எதிர்த்தார். கப்பல் பீரங்கி ஒரு தரப்புக்காகச் சுட்டால் அதற்கான விலையைத் தரையில் இருக்கும் தன் வீரர்கள் கொடுக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். செப்டம்பர் 19 அன்று, ஊர் விழுந்தேவிடும் என்ற நிலையில் அவர் இணங்கினார். அன்று அமெரிக்கக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான குண்டுகளை மலை மேல் பொழிந்தன. மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சு விமானங்களும் மலையிலிருந்த பீரங்கி நிலைகளைத் தாக்கின.

அன்றைக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரின் ராணுவ உதவியாளராக இருந்த கொலின் பவல், பின்னாளில் எழுதிய தன் வரலாற்றில், குண்டுகள் தங்கள் மேல் விழத் தொடங்கியதும் நடுவர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று ஷியாக்கள் முடிவு செய்தார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு அது ஒரு மலை ஊரைக் காப்பாற்றிய உதவி. மலையில் இருந்தவர்களுக்கு அது போர்ப் பிரகடனம். செப்டம்பர் 26 அன்று போர்நிறுத்தம் வந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன. ஆபத்து கடந்துவிட்டதாகத் தோன்றியது.

வெள்ளை அட்டையும் நீல அட்டையும்

படையினர் எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்ற விதிகள் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு மரைனுக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. விமான நிலையத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளை அட்டை. அமைதிக்கால விதிகள் அதில் இருந்தன: தற்காப்புக்காக மட்டும், மேலதிகாரி சொன்னால் மட்டும், தேவையான அளவு மட்டும். முகாமுக்கு உள்ளே காவல் நிற்பவர்களின் துப்பாக்கியில் தோட்டா உறை மாட்டப்பட்டிருக்கவில்லை. தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து ஒரு பொதுமகன் இறந்தால் அமைதிப் படையின் பெயர் கெட்டுவிடும் என்பதே அதற்குக் காரணம்.

ஏப்ரல் தூதரகத் தாக்குதலுக்குப் பிறகு, தூதரகத்தைக் காக்க நிறுத்தப்பட்ட மரைன்களுக்கு மட்டும் வேறொரு அட்டை தரப்பட்டது. அது நீல அட்டை. தடுப்பை உடைத்துக்கொண்டு வரும் வண்டியையே தாக்குதலாகக் கருதிச் சுடலாம் என்று அதில் இருந்தது. ஒரே நகரில், ஒரே படையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விதமான விதிகள். தூதரகத்துக்கு வந்த ஆபத்து விமான நிலையத்துக்கு வராது என்று யாரும் சொல்லவில்லை. வரும் என்று நினைத்து அட்டையை மாற்றவும் இல்லை. இந்த இரு அட்டைகள் பற்றிய பகுதிதான் பின்னால் வந்த விசாரணை அறிக்கையில் படிப்பவரை அதிகம் உறுத்துவது.

மரைன் பட்டாலியனின் தலைமையகம் இருந்தது பழைய விமானத்துறை நிர்வாக அலுவலகம் ஒன்றில். இரும்புக்கம்பி பதித்த கான்கிரீட் கட்டடம். நடுவில் மேல்வரை திறந்த முற்றம். முந்தைய ஆண்டுகளில் பாலஸ்தீனர், சிரியர், இஸ்ரேலியர் என்று பல கை மாறியது. ஆகஸ்டு, செப்டம்பர் பீரங்கிச் சண்டையில் அது உறுதியாக நின்றதைப் பார்த்த அதிகாரிகள், கூடாரங்களில் இருந்தால் குண்டுக்கும் மறைந்திருந்து சுடுபவர்களுக்கும் வீரர்கள் பலியாவார்கள் என்று கருதி முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அந்த ஒரே கட்டடத்தில் குவித்தார்கள். மேலிருந்து விழும் குண்டுக்கு அது நல்ல புகலிடம். தரைத்தளத்தின் வழியே உள்ளே வரும் வண்டிக்கு எதிராக அதனால் எதுவும் செய்ய முடியாது. ஓர் ஆபத்திலிருந்து தப்ப எடுத்த முடிவே மற்றோர் ஆபத்தைப் பன்மடங்காக்கியது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மே முதல் நவம்பர் வரை வாகன குண்டு பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட உளவுத் தகவல்கள் வந்தன. இன்ன நிற வண்டி, இன்ன எண் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. சொல்லப்பட்ட வண்டிகளில் ஒன்றும் வரவில்லை. தினமும் ஓநாய் வருகிறது என்றால் எந்த இடையனும் நாளடைவில் தூங்கத்தான் செய்வான்.

அக்டோபர் 23

ஞாயிறு என்பதால் அன்று 6.30 மணிக்குத்தான் எழுப்புமணி. பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்தனர். கட்டடத்தின் தெற்கே பொது வாகன நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. அதில் நுழைந்த மஞ்சள் மெர்சிடிஸ் லாரி ஒரு சுற்று சுற்றி வேகமெடுத்து, முள்கம்பிச் சுருளை நசுக்கிக்கொண்டு, இரண்டு காவல் நிலைகளுக்கு நடுவே புகுந்து, திறந்திருந்த வாயிலைக் கடந்தது. வேகம் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல். காவலர்கள் உறையை மாட்டித் தோட்டாவை ஏற்றுவதற்குள் லாரி அவர்களைத் தாண்டிவிட்டது. கட்டட முகப்பில் இருந்த காவல் சார்ஜண்ட் எல்லாரையும் தரையில் படுக்கும்படி கத்திக்கொண்டே ஓடினார். மணல்மூட்டைக் காவலறையை இடித்துத் தள்ளி முன்கூடத்தின் நடுவே போய் நின்றது லாரி. ஓரிரு நொடி அமைதி. பிறகு வெடித்தது.

வெடிப்பு கட்டடத்தை அடியோடு மேலே தூக்கி, தாங்கு தூண்களை அறுத்து, ஒரு தளத்தின் மேல் இன்னொரு தளமாக உட்கார வைத்தது. தரைத்தளத்தின் கான்கிரீட்டைத் துளைத்து 39 அடி நீளமும் 29 அடி அகலமும் எட்டடிக்கு மேல் ஆழமும் உள்ள பள்ளம் விழுந்தது. 12,000 பவுண்டு, அதாவது ஐந்தரை டன்னுக்கு நெருக்கமான டி.என்.டி.க்குச் சமமான வெடிப்பு என்று முதலில் கணித்தார்கள். வெடிமருந்தைச் சுற்றி எரிவாயு உருளைகளை அடுக்கி அதன் வலுவைக் கூட்டியிருந்தனர். தாங்கள் ஆராய்ந்தவற்றிலேயே மிகப் பெரிய அணுசாரா வெடிப்பு என்று அமெரிக்க எப்.பி.ஐ. ஆய்வாளர்கள் கூறினர்.

இறந்த 241 பேரில் 220 பேர் மரைன்கள், 18 பேர் கடற்படையினர், மூவர் தரைப்படையினர். இரண்டாம் உலகப் போரில் இவோ ஜிமா தீவுச் சண்டைக்குப் பிறகு ஒரே நாளில் மரைன் படை இவ்வளவு பேரை இழந்ததில்லை. படை மருத்துவப் பிரிவும் அதே கட்டடத்தில் இருந்ததால் காயம்பட்டவர்களைக் கவனிக்க வேண்டியவர்களே இடிபாட்டில் சிக்கினர். இத்தாலிய வீரர்களும் லெபனான் கட்டுமானத் தொழிலாளர்களும் பளுதூக்கிகளோடு வந்து கான்கிரீட் பலகைகளை நகர்த்தினார்கள். அருகே சைப்ரசில் அக்ரோத்திரி விமானத் தளத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனை ஆயத்தமாக இருந்தும், காயமடைந்தவர்களில் பலர் தொலைவிலுள்ள ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டது பின்னர் கண்டனத்துக்கு உள்ளானது.

விமான நிலையத்திலிருந்து எழுந்த புகையைப் பார்க்கப் பிரெஞ்சு வீரர்கள் தங்கள் கட்டடத்தின் மாடி முகப்புகளுக்கு வந்து நின்றபோதுதான் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. ‘திராக்கார்’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கட்டடத்தில் முதலாம், ஒன்பதாம் வான்குடைப் படைப்பிரிவுகளின் வீரர்கள் இருந்தனர். ஒன்பது தளங்களும் குப்பையாகக் குவிந்தன. அல்ஜீரியப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படைக்கு ஒரே நாளில் ஏற்பட்ட மிகப் பெரிய இழப்பு அது. கட்டடக் காவலாளியின் மனைவியும் குழந்தைகளும் அங்கேயே இறந்தனர். அதுவும் லாரிக் குண்டுதான் என்பது அதிகாரபூர்வக் கூற்று. உயிர் பிழைத்த பிரெஞ்சு வீரர்கள் சிலர் தாங்கள் எந்த லாரியையும் பார்க்கவில்லை என்றும், முன்பு அங்கிருந்த சிரியர்கள் கட்டடத்தில் வெடிமருந்து புதைத்திருக்கலாம் என்றும் சொல்லிவந்திருக்கிறார்கள்.

பிரான்சின் மேல் கோபத்துக்கு லெபனானுக்கு வெளியேயும் ஒரு காரணம் இருந்தது. ஈரானும் ஈராக்கும் 1980 முதல் போரில் இருந்தன. பிரான்ஸ் ஈராக்கின் முக்கிய ஆயுத வழங்குநர். சூப்பர் எதாந்தார் போர் விமானங்கள் ஐந்தை ஈராக்குக்கு அது கொடுத்தது அதே அக்டோபரில்தான்.

இத்தாலியர் வழி

அன்று தாக்கப்படாத பெரும்பிரிவு இத்தாலியர்களுடையது. ஜெனரல் பிராங்கோ அஞ்சோனியின் தலைமையில் இரண்டாயிரம் பேர் அளவிலான அந்தப் படை, சப்ரா, ஷதிலா, புர்ஜ் அல்-பராஜ்னா அகதி முகாம்கள் இருந்த மிக ஏழ்மையான பகுதியைக் கவனித்துவந்தது. அவர்களது கள மருத்துவமனை அக்கம்பக்கத்து மக்களுக்கும் மருத்துவம் பார்த்தது. மலைச் சண்டையில் இத்தாலி குண்டு எதையும் போடவில்லை. பதினெட்டு மாதங்களில் பெய்ரூட்டில் அந்தப் படை இழந்தது ஒருவரை மட்டுமே. இதிலிருந்து அன்பாக நடந்தால் யாரும் தாக்கமாட்டார்கள் என்ற முடிவுக்குப் போவது மிகை. இத்தாலி இந்த வட்டாரத்து அரசியலில் அமெரிக்காவைப்போல் பெரிய ஆட்டக்காரர் அன்று. அதைத் தாக்கிக் கிடைக்கும் லாபமும் குறைவு. எனினும் ஒரே நகரில், ஒரே காலத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்த படைகளை நகர மக்கள் வெவ்வேறாகவே பார்த்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

விசாரணை

ஓய்வுபெற்ற அட்மிரல் ராபர்ட் லாங் தலைமையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த குழு 1983 டிசம்பர் 20 அன்று அறிக்கை தந்தது. அமைதி காக்கும் பணி என்று தொடங்கியது சிறுகச் சிறுக வேறொன்றாக மாறியபோதும், யாரும் அந்தப் பணியின் வரையறையை மறுபரிசீலனை செய்யவில்லை என்று அது கூறியது. செப்டம்பர் குண்டுவீச்சுக்குப் பிறகு துரூஸ், ஷியா தரப்புகள் மரைன்களை எதிரிகளாகவே கருதின என்றும் பதிவு செய்தது. ஒரே கட்டடத்தில் அத்தனை பேரைக் குவித்ததற்காகக் களத் தளபதிகளை மட்டுமன்றி, அவர்களை மேற்பார்த்திருக்க வேண்டிய நீண்ட கட்டளைச் சங்கிலி முழுவதையும் குறைகூறியது.

வாயிற்காவலர்கள் சுட்டிருந்தால் தடுத்திருக்கலாமே என்ற கேள்விக்கு அறிக்கையின் தொழில்நுட்பப் பகுதியிலேயே விடை இருக்கிறது. லாரி உள்ளே வராமல் 330 அடி தொலைவிலிருந்த சாலையில் வெடித்திருந்தாலும் பெருஞ்சேதமும் கணிசமான உயிரிழப்பும் நேர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். அப்படியானால் தோட்டா இல்லாத துப்பாக்கி மட்டுமே குற்றவாளி அன்று. டிசம்பர் 27 அன்று அதிபர் ரொனால்டு ரேகன் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்தார். ஜெராட்டிக்கும், குண்டுவெடிப்பில் படுகாயமடைந்த பட்டாலியன் தளபதிக்கும் தண்டனை அல்லாத கண்டிப்புக் கடிதங்களே வந்தன.

பொறுப்பு யாருடையது

‘இஸ்லாமிய ஜிகாத்’ என்ற பெயரில் தொலைபேசி வழியாகப் பொறுப்பேற்பு வந்தது. அது ஒரு மறைப்புப் பெயர் என்றே பலரும் கருதினர். ஹிஸ்புல்லா தன் இருப்பை வெளிப்படையாக அறிவித்தது 1985 பிப்ரவரியில்தான். ஆனால் அதன் கரு, 1982-ல் ஈரான் புரட்சிக் காவல்படை பெக்கா பள்ளத்தாக்குக்கு வந்ததிலிருந்து உருவாகிக்கொண்டிருந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் 2003-ல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ராய்ஸ் லாம்பர்த் ஈரானைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தார். 2007-ல் இழப்பீடு 265 கோடி டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. ஈரான் மத்திய வங்கியின் முடக்கப்பட்ட சொத்திலிருந்து தொகை பெறுவதை 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஈரான் தனக்குத் தொடர்பில்லை என்றே தொடர்ந்து கூறிவருகிறது. அந்த வழக்கில் அது முன்னிலையாகி வாதாடவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

திட்டமிட்டவர்களில் ஒருவராக அமெரிக்கா குறிப்பிட்டுவந்த இமாத் முக்னியா 2008 பிப்ரவரியில் டமாஸ்கசில் கார் குண்டில் கொல்லப்பட்டார். அதே தாக்குதலுக்காக அமெரிக்காவால் தேடப்பட்ட ஃபுவாத் ஷுக்ர், இப்ராஹிம் அகில் இருவரும் 2024-ல் பெய்ரூட்டில் இஸ்ரேலிய வான்தாக்குதல்களில் இறந்தனர்.

வெளியேற்றமும் பின்விளைவும்

தாக்குதலுக்கு மறுநாளே பிரெஞ்சு அதிபர் மித்தரான் பெய்ரூட்டுக்கு வந்தார். பின்வாங்கமாட்டோம் என்று இரு நாடுகளும் சொல்லின. நவம்பர் 17 அன்று பிரெஞ்சு விமானங்கள் பெக்காவின் பால்பெக் நகருக்கு அருகே போராளிகள் இருந்த படைமுகாமைத் தாக்கின. டிசம்பர் 4 அன்று சிரிய நிலைகளைத் தாக்கச் சென்ற அமெரிக்க விமானங்களில் இரண்டு வீழ்த்தப்பட்டன. 1984 பிப்ரவரி 6 அன்று மேற்கு பெய்ரூட் ஷியா, துரூஸ் போராளிகளின் கைக்குப் போனது. லெபனான் ராணுவம் சமூகவாரியாகப் பிளந்தது. எந்த ராணுவத்துக்குத் துணையாக வந்தார்களோ அது கலைந்த பின் அங்கே இருப்பதற்குக் காரணம் இல்லை. மறுநாள் ரேகன் மரைன்களைக் கப்பல்களுக்கு மாற்றுவதாக அறிவித்தார். பிப்ரவரி 26-க்குள் அவர்கள் கரையை விட்டகன்றனர். மார்ச் இறுதியில் பிரெஞ்சுப் படையும் போனது. மே 17 உடன்பாட்டை லெபனான் அரசே மார்ச் 5 அன்று ரத்து செய்துவிட்டது.

ஒரு லாரியும் உயிரைவிடத் துணிந்த ஓர் ஓட்டுநரும் வல்லரசொன்றை வெளியேற்ற முடியும் என்ற பாடத்தைப் பலர் பெய்ரூட்டிலிருந்து எடுத்துக்கொண்டனர். படை வெளியேறியதற்கு லெபனான் ராணுவத்தின் சரிவும் சம அளவு காரணம் என்பது அந்தப் பாடத்தில் விடுபட்டுப்போனது. முறை வேகமாகப் பரவியது. 1983 நவம்பர் 4 அன்று தெற்கு லெபனானின் டைர் நகரில் இஸ்ரேலியத் தலைமையகமும், டிசம்பர் 12 அன்று குவைத்தில் அமெரிக்க, பிரெஞ்சுத் தூதரகங்களும் தாக்கப்பட்டன. இலங்கையில் 1987 சூலை 5 அன்று யாழ்ப்பாணத்து நெல்லியடியில் ராணுவ முகாம் மீது விடுதலைப் புலிகள் நடத்திய முதல் தற்கொலைத் தாக்குதலும் வெடிமருந்து ஏற்றிய லாரியாலேயே நடந்தது. ஆய்வாளர்கள் பலர் அதைப் பெய்ரூட்டோடு இணைத்துப் பேசுவதுண்டு.

அமைதிப் படைகளின் மீது இந்த முறை மீண்டும் பெரிதாகத் திரும்பியது ஆப்பிரிக்காவில். 2009 செப்டம்பர் 17 அன்று சோமாலியாவின் மொகதிசு விமான நிலையத்தை ஒட்டியிருந்த ஆப்பிரிக்க ஒன்றியப் படைத் தலைமையகத்துக்குள் அல்-ஷபாப் இயக்கத்தினர் இரண்டு வண்டிகளில் வந்தனர். வண்டிகளில் ஐ.நா. அடையாளங்கள் இருந்ததால் காவலர்கள் உள்ளே விட்டனர். இறந்த 17 அமைதிப் படையினரில் படையின் துணைத் தளபதியான புருண்டி நாட்டு ஜெனரலும் ஒருவர். 2013 டிசம்பரில் மாலியின் கிடால் நகரில் ஐ.நா. படையைச் சேர்ந்த செனகல் வீரர்கள் இருவர் வாகனத் தற்கொலைத் தாக்குதலில் இறந்தனர்.

இப்போது அமைதிப் படை முகாம்களுக்கு நேர்ச்சாலை இருப்பதில்லை. வளைந்து வளைந்து செல்லும் நுழைவழி, கான்கிரீட் தடுப்புகள், மண் நிரப்பிய கம்பிவலைச் சுவர்கள், சுவருக்கும் தங்குமிடத்துக்கும் இடையே வெறும் நிலம் ஆகியவை வழக்கமாகிவிட்டன. வீரர்கள் கவச வண்டியில் வெளியே போய்க் கவச வண்டியில் திரும்புகிறார்கள். பெய்ரூட்டில் இந்த ஏற்பாடுகளில் பாதி இருந்திருந்தாலும் பல உயிர்கள் பிழைத்திருக்கும். அதே வேளையில், சுவர் உயர உயர உள்ளூர் மக்களோடு பேசிப் பழகுவது குறைகிறது, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல ஊருக்குள் ஆள் இல்லாமல் போகிறது என்பது மாலி, சோமாலியா பணிகளைப் பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் குறை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், இறந்த மரைன்களில் பெரும்பாலோர் புறப்பட்டுச் சென்ற முகாமுக்கு அருகே, 1986 அக்டோபர் 23 அன்று நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே நாளில் குடும்பத்தினர் அங்கே கூடுகிறார்கள்.